கடை மேலாளர் ஆக எந்த வழி: விற்பனைத் தளத்திலிருந்து ஏறுவதா, பட்டத்தோடு நுழைவதா?

ஒரு சூப்பர் மார்க்கெட்டையோ ஆயத்த ஆடைக் கடையையோ ஒருவரை நம்பி ஒப்படைக்கும்போது, நிறுவனம் அவர் பெயரில் எழுதுவது நான்கு கணக்குகள்: விற்பனை, சரக்கு, பணம், ஆட்கள். டார்கெட்டில் எத்தனை சதவீதம் வந்தது, சரக்கு இருப்பில் எவ்வளவு குறைந்தது, கல்லாவில் துண்டு விழுந்ததா, எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று மாதம் பிறந்தால் அவரைத்தான் கேட்பார்கள். இந்த வேலைக்குப் போகும் வழிகளை எடைபோட இதுவே சரியான அளவுகோல். எந்தச் சான்றிதழ் பெரியது என்று பார்க்காதீர்கள். எந்த வழியில் போனால் இந்த நான்கு கணக்கும் சீக்கிரம் உங்கள் கைக்கு வரும், அதுவரை கைக்காசு எவ்வளவு கரையும் என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் இதற்குப் பல வாசல்கள் உண்டு. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் செயின் கடையில் சேல்ஸ் அசோசியேட்டாக, அதாவது விற்பனை ஊழியராகச் சேர்ந்து படிப்படியாக ஏறலாம். உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலை பழகும் அப்ரண்டிஸாக நுழையலாம். ஏதாவது ஒரு டிகிரியை முடித்து டிபார்ட்மென்ட் மேனேஜர் டிரெய்னியாகச் சேரலாம். எம்.பி.ஏ. படித்து மேனேஜ்மென்ட் டிரெய்னியாகப் போகலாம். இவை தவிர, முதலாளி நேரடியாக நடத்தும் பெரிய ஜவுளிக் கடைகளும் ஃப்ராஞ்சைஸ் கடைகளும் இருக்கின்றன. எல்லாம் ஒரே பதவிப் பெயரில் போய் முடிந்தாலும், அந்தப் பதவியின் உள்ளடக்கம் ஒன்றல்ல.

தளத்தில் தொடங்குவது

பிளஸ் டூ போதும். பல நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் எடுக்கின்றன. ஏணி பெரும்பாலும் இப்படி இருக்கும்: கஸ்டமர் சேல்ஸ் அசோசியேட், சீனியர் அசோசியேட், டீம் லீடர் அல்லது செக்‌ஷன் ஹெட், டிபார்ட்மென்ட் மேனேஜர், அசிஸ்டென்ட் ஸ்டோர் மேனேஜர், ஸ்டோர் மேனேஜர். வழக்கமான வேகத்தில் ஆறிலிருந்து பத்து ஆண்டுகள் ஆகலாம். புதுக் கடைகளைத் தொடர்ந்து திறக்கும் நிறுவனத்தில் இதைவிடச் சீக்கிரம் நடக்கும். காரணம் எளிது. இருக்கிற கடையில் மேலே ஒருவர் நகர்ந்தால்தான் கீழே இருப்பவருக்கு இடம். புதுக் கடைக்கோ ஒரே நாளில் ஒரு மேலாளர், இரண்டு டிபார்ட்மென்ட் மேனேஜர், நான்கு டீம் லீடர் தேவைப்படுவார்கள். ஆகவே எந்த நிறுவனத்தில் சேர்வது என்று யோசிக்கும்போது, தொடக்கச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தைவிட, அடுத்த இரண்டு ஆண்டில் அவர்கள் உங்கள் வட்டாரத்தில் எத்தனை கடை திறக்கப் போகிறார்கள் என்பதுதான் முக்கியம். சேர்ந்த பிறகு, புதுக் கடை திறப்புக் குழுவுக்குப் பெயர் கேட்டால் முதல் ஆளாகக் கொடுங்கள். ரேக் மாட்டுவதிலிருந்து முதல் நாள் பில்லிங் வரை பார்த்தவரை வட்டார மேலாளர் எளிதில் மறக்க மாட்டார்.

சின்னக் கடையா, ஹைப்பர் மார்க்கெட்டா? முதல் இரண்டு ஆண்டுக்குச் சின்னக் கடையே மேல். பன்னிரண்டு, பதினைந்து பேர் வேலை செய்யும் கடையில் தனித்தனித் துறைக்கு ஆள் இருக்காது. சரக்கு இறக்குவது, பில்லிங், காலையில் கடை திறப்பது, இரவில் கணக்கு முடித்துப் பூட்டுவது எல்லாம் முதல் ஆண்டிலேயே உங்கள் கைக்கு வந்துவிடும். பெரிய கடையில் மளிகைப் பிரிவில் போட்டால் மூன்று ஆண்டும் பருப்பு ரேக்கோடு முடிந்துபோகலாம்.

இந்த வழியின் உண்மையான பலம் சரக்குக் கணக்கு பிடிபடுவது. ஒரு சாதாரணக் காலையை எடுத்துக்கொள்வோம். ஆறு மணிக்குக் காய்கறி வண்டி வருகிறது. நாற்பது கிரேட். ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையைக் குறித்து, சரக்கு வரவுப் பதிவான ஜி.ஆர்.என். போட வேண்டும். காலிப் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். அவசரத்தில் அதைக் கழிக்காமல் மொத்த எடையையே பதிந்தால், நாற்பது கிரேட்டுக்கு அறுபது முதல் எண்பது கிலோ வரை வராத காய் வந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. எழுபது கிலோ, கிலோ முப்பது ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 2,100 ரூபாய், மாதத்துக்கு 63,000 ரூபாய். மாத முடிவில் ஸ்டாக் எடுக்கும்போது அத்தனையும் குறைவாகக் காட்டும். எல்லோரும் திருட்டு என்று சந்தேகித்து கேமராவைப் பார்ப்பார்கள். தவறு நடந்த இடமோ வாசலில் இருக்கும் தராசு. இதைத் தன் கையால் செய்தவருக்கு மட்டுமே எங்கே தேட வேண்டும் என்று தெரியும்.

இந்தக் குறைவுக்குக் கடை மொழியில் ஷ்ரிங்கேஜ் என்று பெயர். மாதம் 60 லட்சம் விற்கும் கடையில் ஒரு சதவீதம் என்றால் 60,000 ரூபாய். செலவெல்லாம் போக நூறு ரூபாய் விற்பனையில் மூன்று ரூபாய்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 60,000 ரூபாயை ஈடுகட்ட இன்னும் 20 லட்சத்துக்கு விற்க வேண்டும். மேலாளர் ஆனபின் உங்கள் இன்சென்டிவைத் தின்பது பெரும்பாலும் இதுதான். எடைப் பிழை, காலாவதி, பில்லில் விடுபடுவது, பார்கோடு மாறிப்போவது, திருட்டு ஆகிய ஐந்து ஓட்டைகளில் உங்கள் கடையில் எது பெரியது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத்தான் நிறுவனம் அடுத்த படிக்கு நகர்த்துகிறது. காலாவதியில் ஒரு நுணுக்கம் உண்டு. பல சப்ளையர்கள் தேதி முடிவதற்குக் குறிப்பிட்ட நாட்களுக்கு முன்பு திருப்பினால்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாள் தாண்டினால் நஷ்டம் கடையின் தலையில். எந்தக் கம்பெனிக்கு எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி குடோன் கதவில் ஒட்டி வைப்பவர் அந்த நஷ்டத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவார்.

இரவு கணக்கு முடிப்பதும் அப்படித்தான். காசு எண்ணிச் சரிபார்ப்பதோடு வேலை முடிவதில்லை. காலையில் ஒவ்வொரு கல்லாவுக்கும் கொடுத்த சில்லறை தனி. அதைக் கழித்த பிறகு ரொக்கம், கார்டு, யூ.பி.ஐ. மூன்றும் சிஸ்டத்தில் இருக்கும் தொகையோடு தனித்தனியாகப் பொருந்த வேண்டும். கேஷியர் ரொக்க பில்லைத் தவறிக் கார்டு என்று அழுத்திவிட்டால், ரொக்கத்தில் கூடுதலும் கார்டில் அதே அளவு குறைவும் வரும். மொத்தம் சரிதானே என்று விட்டுவிட்டால் மறுநாள் அக்கவுண்ட்ஸிலிருந்து மெயில் வரும். யூ.பி.ஐ.க்கு வாடிக்கையாளரின் போன் திரையை நம்பாமல் கடைக் கணக்கில் பணம் வந்த அறிவிப்பைப் பார்ப்பதும், ரத்து செய்த பில்களை வரிசையாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பதும் அன்றாடப் பழக்கமாக வேண்டும். கல்லாவில் நடக்கும் கையாடலில் பெரும்பகுதி ரத்து பில்லிலும் ரிட்டர்ன் பில்லிலும்தான் ஒளிந்திருக்கும்.

சரி, இந்த வழியில் எங்கே சிக்கல்? டீம் லீடர் வரை யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை. டிபார்ட்மென்ட் மேனேஜருக்கான உள்அறிவிப்பில் ‘ஏதேனும் ஒரு டிகிரி’ என்று ஒரு வரி வரும். நான்கு ஆண்டு நன்றாக வேலை பார்த்தவர் அந்த வரியில் நின்றுவிடுகிறார். நேற்று கல்லூரி முடித்து வந்தவர் அவருக்கே மேலதிகாரியாக வருகிறார். இது அடிக்கடி நடக்கிறது, பலரை மனம் உடைய வைக்கிறது. தடுக்க முடியும். சேர்ந்த முதல் ஆண்டிலேயே தொலைநிலைக் கல்வியில் சேர்ந்துவிட வேண்டும். இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனம் போன்றவற்றில் பி.பி.ஏ. அல்லது பி.காம். போதும். சேரும் பாடத்துக்கு அந்த ஆண்டு யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு சேர்க்கை, ஜூன், டிசம்பர் என்று இரண்டு தேர்வு. தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்பைக் கேட்டுவிட வேண்டும். ஜூன் கடைசியில் துணிக்கடைகளில் தள்ளுபடி தொடங்கிவிட்டால் விடுப்பு கிடைப்பது கஷ்டம்.

உடல் உழைப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நிற்கும் வேலை. சனி, ஞாயிறு, பண்டிகை எதிலும் விடுப்பு இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது. நேர்காணலுக்குப் போகும் நாளில் தளத்தைச் சுற்றிப் பாருங்கள். பில்லிங்கிலும் செக்‌ஷனிலும் ஸ்டூல் இருந்து, அதில் ஆட்கள் உட்காரவும் முடிகிறது என்றால், ஊழியர்களை நடத்தும் விதத்தைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை.

அப்ரண்டிஸாக நுழைவது

கடந்த சில ஆண்டுகளில் செயின் கடைகள் நிறைய அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்று விதி இருப்பது ஒரு காரணம். தேசிய அப்ரண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. சில்லறை வணிகத்துக்கான திறன் மன்றமான ராஸ்கியின் பாடத்திட்டத்தில் டிரெய்னி அசோசியேட்டிலிருந்து ஸ்டோர் மேனேஜர் வரை ஒவ்வொரு பதவிக்கும் தேவையான திறன்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. எந்த வழியில் வருபவரும் அதை இறக்கிப் படித்துவிடுவது நல்லது.

சேருமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அப்ரண்டிஸ் காலத்துக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது. அதனால் அந்தக் காலம் உங்கள் பி.எஃப். பணிவரலாற்றில் வராது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தில் இல்லை. எனவே, ‘போன வருட பேட்ச்சில் எத்தனை பேரை நிரந்தரமாக எடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நேரடியாக அசோசியேட் வேலைக்கே விண்ணப்பிப்பது மேல்.

கிராமப்புறத்தில் வசதி குறைந்த குடும்பத்திலிருந்து வருபவர்களுக்கு தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா என்று 2014இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. 15 முதல் 35 வயது வரை சேரலாம். பயிற்சி இலவசம், முடித்தபின் வேலை ஏற்பாடும் உண்டு. சில்லறை வணிகம் அதில் உள்ள துறைகளில் ஒன்று. ஊரில் உட்கார்ந்து வேலை தேடுவதைவிட இது நூறு மடங்கு நல்லது. ஆனால் நுழைவது கீழ்ப்படியில்தான். அதன்பின் மேலே சொன்ன அதே ஏணி.

டிகிரி முடித்து டிபார்ட்மென்ட் மேனேஜர் டிரெய்னியாக

பி.காம்., பி.பி.ஏ., பி.எஸ்சி., எந்தப் பட்டமானாலும் சரி, இருபத்தொரு இருபத்திரண்டு வயதில் கையில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே சிறந்த வழி என்பது எங்கள் கருத்து. மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரு பிரிவு உங்கள் பெயருக்கு வரும். அதன் விற்பனை, சரக்கு, ஆட்கள் மூன்றும் உங்களுடையவை. அங்கிருந்து ஸ்டோர் மேனேஜர் ஆக மூன்று முதல் ஐந்து ஆண்டு என்பது நியாயமான எதிர்பார்ப்பு. வேறு ஊருக்குப் போகத் தயார் என்றால் இன்னும் குறையும். சென்னையையோ கோவையையோ விட்டு நகர மாட்டேன் என்பவர்களுக்கு இந்தத் துறையில் படி ஏறுவது சிரமம். மாவட்டத் தலைநகரங்களிலும் சின்ன ஊர்களிலும்தான் இப்போது கடைகள் திறக்கின்றன.

நேர்காணலில் ‘வாடிக்கையாளரே தெய்வம்’ மாதிரி பேச்சு எடுபடாது. எண் பேச வேண்டும். ஒரு நாளில் 400 பேர் கடைக்குள் வருகிறார்கள், 100 பில் விழுகிறது என்றால் கன்வர்ஷன் 25 சதவீதம். சராசரி பில் 1,200 ரூபாய் என்றால் விற்பனை 1,20,000. டார்கெட் 1,50,000 என்று கொடுத்தால் என்ன செய்வீர்கள்? கன்வர்ஷனை 30 சதவீதமாக உயர்த்தினால் 120 பில், 1,44,000 ரூபாய். சராசரி பில்லை 1,250 ஆக்கினால் 1,50,000 வந்துவிடும். கன்வர்ஷன் எப்படி உயரும்? மாலை ஏழு மணிக்கு டிரையல் ரூம் வரிசையில் சலித்துப்போய் எத்தனை பேர் துணியை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது, தொங்கவிட்டிருக்கும் சட்டைகளில் எந்த சைஸ் இல்லை என்று தினம் இரண்டு முறை பார்த்து குடோனிலிருந்து நிரப்புவது, இந்த மாதிரி வேலைகளால்தான். சராசரி பில் உயர்வது பில்லிங் அருகே வைக்கும் சாக்ஸ், கைக்குட்டை, பெல்ட்டால். இந்த நான்கு வரியைத் தெளிவாகச் சொன்னால், எதிரே இருப்பவர் உங்களைப் புதியவராகவே பார்க்க மாட்டார்.

எக்செல் தெரியாமல் போகாதீர்கள். ஃபில்டர், வி-லுக்கப், பிவட் டேபிள் மூன்றும் கையில் ஓட வேண்டும். வாராந்திர ரிவ்யூ கால் ஆங்கிலத்தில் நடக்கும், சில நிறுவனங்களில் இந்தியும் கலக்கும். பேச்சு சரளமாக இல்லாவிட்டாலும் எண்ணைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறோம் என்று மூன்று வாக்கியத்தில் முடிக்கப் பழகினால் போதும்.

இந்த வழியில் வருபவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில். எட்டு ஆண்டு அனுபவம் உள்ள அக்காவுக்கும் அண்ணனுக்கும் இருபத்திரண்டு வயதுக்காரர் ஷிப்ட் போடுகிறார். வந்த முதல் வாரமே ரோஸ்டரை மாற்றி, வீக் ஆஃபை நகர்த்தினால் தளம் முழுக்க எதிராகிவிடும். வெளியில் தெரியாது, ஆனால் ஸ்டாக் எண்ணும்போது எண்ணிக்கை சரியாக வராது, கூட்டம் உள்ள நாளில் மூன்று பேர் லீவு போடுவார்கள். முதல் முப்பது நாள் பில்லிங்கில் உட்கார்ந்து, சரக்கு இறக்கி, துணி மடித்து, ‘அக்கா, இது எப்படிப் பண்றீங்க?’ என்று கேட்டுக் கற்றுக்கொள்பவரை அவர்களே தாங்கிப் பிடிப்பார்கள். வீக் ஆஃப் போடும்போது கல்யாணம், காதுகுத்து, ஊர்க் கொடை தேதிகளை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆட்களைத் தக்கவைப்பதில் இதைவிடப் பலன் தருவது எதுவுமில்லை.

எம்.பி.ஏ.: எப்போது லாபம், எப்போது கடன்

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ. சேரலாம். அரசுக் கல்லூரியிலோ, அரசு உதவி பெறும் கல்லூரியிலோ குறைந்த கட்டணத்தில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். சிக்கல் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும்போதுதான். எட்டு லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 13,500 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் இரண்டு ஆண்டுக்கான வட்டி இதற்கு மேல் தனியாகச் சேரும். அந்த இரண்டு ஆண்டில் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளமும் போச்சு.

கல்லூரியில் ‘பிளேஸ்மென்ட் நூறு சதவீதம்’ என்றால் நம்பிவிடாதீர்கள். கேட்க வேண்டியது இதுதான்: போன ஆண்டு எந்தச் சில்லறை நிறுவனம் வந்தது, என்ன பதவி கொடுத்தது? மேனேஜ்மென்ட் டிரெய்னி என்றால் ஓர் ஆண்டுச் சுழற்சிப் பயிற்சிக்குப் பிறகு நேராக உதவி மேலாளர் அல்லது மேலாளர் இடம் வர வாய்ப்புண்டு. டிபார்ட்மென்ட் மேனேஜர் என்றால், பி.காம். முடித்தவர் கடன் இல்லாமல் வந்து உட்கார்ந்த அதே நாற்காலிக்கு நீங்கள் எட்டு லட்சம் கொடுத்திருக்கிறீர்கள்.

எம்.பி.ஏ.வின் உண்மையான பயன் கடைக்கு வெளியேதான் இருக்கிறது. கொள்முதல், கேட்டகரி மேலாண்மை, சரக்குத் திட்டமிடல் போன்ற தலைமை அலுவலக வேலைகளுக்கு அது கதவைத் திறக்கும். லைஃப்ஸ்டைல், மேக்ஸ், டைட்டன் எல்லாம் பெங்களூரில். டிமார்ட், ட்ரென்ட், ரிலையன்ஸ் ரீடெயில் மும்பைப் பக்கம். அங்கே போகத்தான் ஆசை என்றால், ஆடைத் துறைக்குச் சென்னை தரமணி நிஃப்ட்டில் இரண்டு ஆண்டு ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுகலைப் படிப்பு பொது எம்.பி.ஏ.வைவிடப் பொருத்தம். கடை நடத்துவதே விருப்பம் என்றால் மூன்று நான்கு ஆண்டு வேலை பார்த்த பிறகு, சம்பளத்திலிருந்தே கட்டி, தொலைநிலையில் எம்.பி.ஏ. முடிப்பது போதும். வட்டார மேலாளர் பதவிக்கு அது கைகொடுக்கும்.

முதலாளி கடையும் ஃப்ராஞ்சைஸ் கடையும்

தி.நகரிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் பெரிய ஜவுளி மாளிகைகள் ஒரு தனி உலகம். தங்குமிடம், சாப்பாடு கொடுத்து, தென்மாவட்டங்களிலிருந்து ஆள் எடுப்பார்கள். சரக்கு அறிவு இங்கே கிடைக்கிற மாதிரி எந்தச் செயின் கடையிலும் கிடைக்காது. காஞ்சிப் பட்டுக்கும் ஆரணிப் பட்டுக்கும் வித்தியாசம், இளம்பிள்ளைச் சேலை எந்த விலையில் நகரும், ஈரோட்டுச் சந்தையில் லுங்கி என்ன விலை, சூரத் சரக்கு எந்த மாதம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஐந்து ஆண்டில் விரல் நுனிக்கு வந்துவிடும். பிற்காலத்தில் சொந்தமாகத் துணிக்கடை வைக்கும் எண்ணம் இருந்தால் இதற்கு இணை வேறில்லை.

ஆனால் மேலாளர் என்ற பதவியின் வீச்சு இங்கே குறுகியது. கொள்முதலும் கல்லாவும் பெரும்பாலும் முதலாளி குடும்பத்தின் கையில்தான் இருக்கும். ஃப்ளோர் மேனேஜர் ஆட்களையும் கூட்டத்தையும் பார்ப்பார், லாப நட்டக் கணக்கைப் பார்க்க மாட்டார். பத்து ஆண்டு கழித்து ஒரு செயினுக்கு மாற நினைத்தால், ‘உங்கள் செக்‌ஷனின் ஷ்ரிங்கேஜ் என்ன, ஸ்டாக் ஆண்டுக்கு எத்தனை முறை விற்று மறுபடி நிரம்பியது?’ என்ற கேள்விக்கு விடை இருக்காது. கடையில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களே ஒரு நோட்டில் மாதாமாதம் குறித்து வாருங்கள். பணி ஆணை, வங்கி வழிச் சம்பளம், பி.எஃப்.பின் யு.ஏ.என். எண் ஆகிய மூன்றும் இல்லாத கடையில் எவ்வளவு சம்பளம் தந்தாலும் நீண்ட நாள் இருக்க வேண்டாம். வெளியே வரும்போது உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி சொல்வது அந்தப் பி.எஃப். பணிவரலாறு மட்டும்தான்.

ஃப்ராஞ்சைஸ் கடை இதற்கு நேர்மாறு. மேலே பிராண்டின் போர்டு, உள்ளே பிராண்டின் சாஃப்ட்வேர், ரிப்போர்ட், பயிற்சி எல்லாம் இருக்கும். சம்பளம் கொடுப்பவர் மட்டும் உள்ளூர் உரிமையாளர். பி.எஃப். செலுத்துபவரும் அவரே. இரண்டு மூன்று ஆண்டிலேயே ஸ்டோர் மேனேஜர் என்ற பெயர் கிடைத்துவிடும். அதற்கு மேல் போக இடமில்லை. அவரிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ கடை. உரிமம் முடிந்து அவர் கடையை மூடினால் உங்களுக்கு வேறு கிளை கிடையாது. ஆகவே இதை ஒரு பாலமாகப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். இரண்டு ஆண்டு நல்ல எண்களைக் காட்டிவிட்டு, அதே பிராண்ட் நேரடியாக நடத்தும் கடைக்கு மாறுங்கள். கடையைப் பார்வையிட வரும் பிராண்டின் வட்டார மேலாளர்தான் அதற்கு வழி.

மருந்துக் கடையும் நகைக் கடையும் வேறு வகை. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இல்லாமல் மருந்துக் கடை நடத்த முடியாது. அதனால் டி.பார்ம். முடித்துப் பதிவு செய்தவருக்குக் கடைப் பொறுப்பு மற்ற எல்லோரையும்விடச் சீக்கிரம் வரும். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்து, எப்படியும் சில்லறை வணிகத்துக்குத்தான் போகப் போகிறோம் என்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். நகைக் கடையில் தினம் இரவு டேக் டேக்காக எண்ணிச் சரிபார்த்துப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். நம்பிக்கைதான் அங்கே தகுதி. வெளியிலிருந்து நேராக மேலாளராக எடுப்பது அரிது.

எதைத் தேர்வது

வீட்டுக்குச் சம்பளம் உடனே தேவைப்படும் பிளஸ் டூக்காரர், வேகமாக வளரும் ஒரு செயினில் சின்னக் கடையில் அசோசியேட்டாகச் சேர்ந்து, அதே ஆண்டு தொலைநிலை டிகிரியில் சேர்வதே நல்லது. இருபத்தைந்து வயதில் அவர் கையில் பட்டமும் ஏழு ஆண்டு அனுபவமும் இருக்கும். அதே வயதில் கடனோடு எம்.பி.ஏ. முடித்து வருபவரைவிட அவர் பலமான நிலையில் நிற்பார். கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர், மூன்றாம் ஆண்டு தீபாவளி சீசனில் தற்காலிகமாக ஒரு மாதமாவது தளத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். நிற்கப் பிடிக்கவில்லை என்றால் அது அப்போதே தெரிந்துவிடுவது லாபம். உணவுப் பொருள் விற்கும் கடைக்குப் போகிறவர்கள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபோஸ்டாக் பயிற்சியை முடித்து வைக்கலாம். ஒரு நாளில் முடிந்துவிடும். 25 பேருக்கு ஒருவராவது அந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதால் கடைக்கும் அது தேவை.

ஆஃபர் லெட்டரில் ஆண்டுத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். சி.டி.சி., அதாவது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு, மூன்று லட்சம் என்றால் மாதம் 25,000 என்று எண்ணத் தோன்றும். அதில் பத்து சதவீதம் இன்சென்டிவ் என்று ஒதுக்கியிருந்தால் 2,500 போயிற்று. அடிப்படைச் சம்பளம் 12,500 என்றால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,500, கிராஜுவிட்டி சுமார் 600, நிறுவனத்தின் ஈ.எஸ்.ஐ. பங்கு 640 ரூபாய்க்கு அருகில். மிச்சத்தில் உங்கள் பங்கு பி.எஃப். 1,500, ஈ.எஸ்.ஐ. 150. கைக்கு வருவது ஏறக்குறைய 18,100. தொழில் வரி தனி. இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்தக் கடைசி எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். கூடவே வீட்டு வாடகையையும் கழித்துப் பாருங்கள். சொந்த ஊர்க் கடையில் 16,000 என்பது சென்னையில் 20,000ஐவிடப் பல நேரம் அதிகம்.

பாண்ட் இருக்கிறதா, எத்தனை மாதம், இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் போதும். டெபாசிட் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

சேர நல்ல நேரம் ஜூன், ஜூலை. ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஆள் எடுக்கும் காலம் அது. தற்காலிகம் என்று சொன்னாலும் தயங்க வேண்டாம். பொங்கல் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்வது என்று மேலாளர் ஒரு பட்டியல் போடுவார். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் ஒரு நாளும் தவறாமல் வந்தவர்கள், பில்லிங்கும் தெரிந்தவர்கள் அந்தப் பட்டியலில் மேலே இருப்பார்கள். எனவே சேர்ந்த முதல் மாதத்திலேயே, உங்கள் செக்‌ஷன் எதுவானாலும், கூட்டம் குறைவான மதிய நேரத்தில் பில்லிங் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.